பத்து ரவுண்டும் பதினாறு வாரமும்

எங்கள் காலத்துப் பள்ளிக்கூடங்களில் நெடுந்தூர ஓட்டத்துக்கான பயிற்சித் திட்டம் மூன்றே சொற்களில் அடங்கிவிடும்: "பத்து ரவுண்டு ஓடு." பி.டி. வாத்தியார் விசிலை எடுத்துவிட்டுச் சொல்வார், மறுபடி விசிலை வாயில் வைத்துக்கொள்வார். தாமதமாக வந்தவனுக்கு அதுதான் தண்டனை, மாவட்டப் போட்டிக்குப் போகிறவனுக்கும் அதுதான் பயிற்சி. எந்த வேகத்தில் ஓடுவது, நாளைக்கும் ஓட வேண்டுமா, கால் வலித்தால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. போட்டிக்கு முந்தின வாரம் பத்து பதினைந்தாகும், அவ்வளவுதான் மாற்றம். அப்படி ஓடி ஜெயித்தவர்களும் உண்டு. பயிற்சியால் ஜெயித்தார்களா, பயிற்சியையும் மீறி ஜெயித்தார்களா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

இப்போது கைப்பேசியில் ஓட்டத்துக்கான செயலியைத் திறந்தால் கேள்வி கேட்பது அதுதான். எந்தப் போட்டி, என்ன தேதி, ஐந்து கிலோமீட்டர் ஓட எத்தனை நிமிடம் ஆகிறது, வாரத்தில் எத்தனை நாள் ஓட முடியும், லாங் ரன் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா. பதில்களைத் தட்டி முடித்ததும் பதினாறு வார அட்டவணை வந்து விழுகிறது. செவ்வாய் இன்டர்வெல் (இடையிடையே இளைப்பாறி வேகமாக ஓடுவது), வியாழன் டெம்போ (சீரான கடின வேகம்), ஞாயிறு லாங் ரன், நடுவில் ஈசி ரன், கடைசி இரண்டு மூன்று வாரம் டேப்பர் (ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வது). அதோடு நின்றால் பரவாயில்லை. ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் கோச் அனுப்பிய எக்செல் தாள் இருக்கிறது. அலுவலக நண்பர் கொடுத்த, ஜாக் டேனியல்ஸ் எழுதிய பயிற்சிப் புத்தகம் இருக்கிறது. ராத்திரி யூடியூபில் ஒருவர் நார்வேக்காரர்களின் முறைதான் உசத்தி என்று அடித்துச் சொல்கிறார். மூன்றாவது வாரமே முதல் திட்டத்தைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். அன்று தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. இன்று தேர்ந்தெடுப்பதிலேயே சீசன் கழிகிறது.

இத்தனை திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெயரையும் வண்ணத்தையும் நீக்கிவிட்டால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றேதான். நிதானமாக நிறைய ஓடு, வேகமாகக் கொஞ்சம் ஓடு, வாரத்தில் ஒருநாள் நீளமாக ஓடு, போட்டி நெருங்கும்போது குறைத்துக்கொள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் தன் கால்களிலேயே சோதித்து இந்த அமைப்புக்கு வந்து சேர்ந்து எழுபது ஆண்டு ஆகப்போகிறது.

அவருக்கு முந்தைய தலைமுறையின் பயிற்சி பெரும்பாலும் கடிகாரத்தின் பிடியில் இருந்தது. 1920களில் ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்ற பின்லாந்தின் பாவோ நூர்மி, ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடியவர். ஜெர்மனியில் வால்டெமர் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹான்ஸ் ரைன்டெல் என்ற இதய மருத்துவரும் இன்டர்வெல் பயிற்சிக்குத் துல்லியமான கணக்கு வகுத்தார்கள். ஓடி இதயத்துடிப்பை 180 வரை ஏற்று; 90 வினாடிக்குள் 120க்கு இறங்குகிறதா பார்; இறங்கினால் அடுத்த ஓட்டம், இறங்காவிட்டால் இன்றைக்குப் போதும். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்த உலக சாதனை 16 ஆண்டுகள் நின்றது. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக் அதையும் தாண்டிப் போனார். 400 மீட்டரை ஒரே நாளில் நாற்பது, ஐம்பது தடவை ஓடுவார், சில நாட்களில் ராணுவ பூட்ஸோடு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். அந்த மாரத்தான் அவர் வாழ்வில் ஓடிய முதல் மாரத்தான். உலகம் உடனே இன்டர்வெலை வேதமாக்கிக்கொண்டது. ஜாடோபெக் தாங்கியதைத் தாங்க முடியாமல் ஒதுங்கியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

அந்த வேதத்தைக் கேள்வி கேட்டவர்தான் ஆக்லாந்துக்காரரான ஆர்தர் லிடியார்ட். அவர் முறையாகப் படித்த பயிற்சியாளர் அல்ல. ரக்பி ஆடுகிறோம், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவரை, 1940களில் ஓட்டச் சங்கத்தைச் சேர்ந்த மூத்த நண்பர் ஒருவர் ஐந்து மைல் ஓட அழைத்துப்போனார். லிடியார்டுக்கு மூச்சு முட்டியது, கால் தளர்ந்தது. இப்போதே இப்படி என்றால் இருபது வருஷம் கழித்து என்ன ஆவோம் என்று பயந்துபோனார். அடுத்த பத்தாண்டும் தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கினார். சில வாரங்களில் 250 மைல்வரை ஓடிப் பார்த்தார், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. வெகுவாகக் குறைத்துப் பார்த்தார், போதவில்லை. கடைசியில் வாரத்துக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர் என்ற அளவில் வந்து நின்றார். தொழிற்சாலை வேலை, குடும்பம், மேல்வருமானத்துக்குப் பால் விநியோகம் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் இதெல்லாம். 1953இலும் 1955இலும் நியூசிலாந்தின் மாரத்தான் சாம்பியன் அவர்தான்.

சுற்றுவட்டாரத்துப் பையன்கள் சிலர் அவரோடு ஓட வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை வையட்டருவா மலைச்சாலையில் 22 மைல், சுமார் 35 கிலோமீட்டர், ஓடவைப்பார். மாரத்தான் ஓடுகிறவன், ஐயாயிரம் ஓடுகிறவன் என்ற பேதமில்லை. எண்ணூறு மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லும் அதே 35 கிலோமீட்டரை ஓடியாக வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துபோகிற போட்டிக்கு இது எதற்கு என்று அந்தக் காலப் பயிற்சியாளர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு 1960 செப்டம்பர் 2 அன்று ரோமில் நின்றது. 21 வயது ஸ்னெல் 800 மீட்டரில் உலக சாதனையாளர் ரோஜர் மோன்ஸை முந்தித் தங்கம் வாங்கினார். சற்று நேரத்தில் அதே அரங்கில் லிடியார்டின் இன்னொரு பையன் முர்ரே ஹால்பர்க், ரக்பி விபத்தில் செயலிழந்த இடக்கையோடு, 5,000 மீட்டரில் மூன்று சுற்று மீதமிருக்கும்போதே பிய்த்துக்கொண்டு ஓடி இன்னொரு தங்கத்தை எடுத்தார். சில நாட்கள் கழித்து, அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்ற அந்தப் புகழ்பெற்ற மாரத்தானில் மூன்றாவதாக வந்த பாரி மகீயும் லிடியார்டின் பையன்தான். ஒரு புறநகர்ப் பகுதியின் ஓட்டக் குழுவுக்கு மூன்று ஒலிம்பிக் பதக்கம்.

எனக்கு ரோமைவிடப் பெரிதாகத் தெரிவது 1961 கடைசியில் தொடங்கிய நியூசிலாந்துக் கோடைக்காலம். 1961 டிசம்பரில் ஸ்னெல் ஒரு முழு மாரத்தான் ஓடினார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1962 ஜனவரி 27 அன்று ஒரு மைல் ஓட்டத்தில் 3 நிமிடம் 54.4 வினாடியில் உலக சாதனை. அடுத்த வாரமே 800 மீட்டரில் 1 நிமிடம் 44.3 வினாடி, அதுவும் உலக சாதனை. இரண்டுமே புல்தரையில். நெடுந்தூரம் ஓடினால் வேகம் போய்விடும் என்று சொன்னவர்களுக்கு அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை. காரணத்தை உடலியங்கியலார் பின்னால் அளந்து சொன்னார்கள்: பயிற்சி பெற்றவர் 1,500 மீட்டர் ஓடும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆக்சிஜனைக் கொண்டு பெறப்படுவது, 800 மீட்டரிலேயே மூன்றில் இரண்டு பங்கு அப்படித்தான். ஆக்சிஜனைக் கையாளும் திறனை வளர்ப்பது பொறுமையான, நீண்ட ஓட்டம். கட்டுரையின் கடைசியில் இந்த ஒரு விவரம் மறுபடி தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிடியார்ட் வகுத்த வரிசை எளிமையானது. பத்து வாரமோ அதற்கு மேலோ அடித்தள ஓட்டம். பிறகு சில வாரம் மேட்டில் ஏறி இறங்கிக் கால் வலுவைக் கூட்டுவது. பிறகுதான் டிராக்கில் இறங்கி வேகம். கடைசியில் எல்லாவற்றையும் குறைத்துப் போட்டிக்குப் புத்துணர்வோடு நிற்பது. அவர் வேகத்தைக் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று எழுதிக் கொடுத்தவர் அல்ல. கால்பங்கு முயற்சி, அரைப்பங்கு, முக்கால்பங்கு என்றுதான் எழுதுவார். முக்கால்பங்கு என்றால் எவ்வளவு என்பது ஓடுகிறவனுக்குத் தெரிய வேண்டும், கூடவே ஓடுகிற லிடியார்டுக்கும் தெரியும். அன்றைய திட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. தாளில் இருந்ததைவிட அதிகம் கண்ணில் இருந்தது.

பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் தாளைத்தான். நூறு மைல் என்பது புனித எண்ணாகிவிட்டது. நூறு ஓடாதவன் ஓட்டக்காரனே இல்லை என்று எழுபதுகளில் பேசினார்கள். அவரோ மெதுவாகத் தேய்த்துக்கொண்டு ஓடுவதைத் தான் ஒருபோதும் சொல்லவில்லை என்று வாழ்நாள் முழுக்க மறுத்துக்கொண்டிருந்தார். 2004இல் அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்தின்போது 87 வயதில் இறக்கும்வரை அந்த விளக்கம் தொடர்ந்தது.

சாமானியர்களுக்கும் பயிற்சித் திட்டம் உண்டு என்ற எண்ணம் பிறந்ததும் இதே மனிதர் வழியாகத்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் நடுவயதுக்காரர்களையும் இதயநோயிலிருந்து மீண்டவர்களையும் சேர்த்து மெல்லோட்டக் குழு ஒன்றை லிடியார்ட் தொடங்கிவைத்தார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே விருந்தினராகப் போனபோது அவருக்கு வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. கூட்டத்தோடு ஓடப் புறப்பட்டவர் பின்தங்கிப்போனார். எழுபதைக் கடந்த, மாரடைப்பு வந்து மீண்ட பெரியவர் ஒருவர் அவருக்குத் துணையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார். ஊர் திரும்பிய பவர்மேன் ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து 1967இல் ஜாகிங் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். கடினமான நாளுக்கு அடுத்த நாள் எளிதாக இருக்க வேண்டும் என்ற விதியைப் பரப்பியவரும் அவர்தான். நைக்கி நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவரில் ஒருவர் என்றே பலருக்கு அவரைத் தெரியும். எனக்கு அந்த விதி அவர் செய்த காலணிகளைவிடப் பெரிது.

அன்றைய திட்டங்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்களுக்காக. 1928இல் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று காரணம் சொல்லி அந்தப் போட்டியையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்தார்கள். 1960இல்தான் திரும்ப வந்தது. பெண்களுக்கான மாரத்தான் வர 1984 ஆயிற்று, 5,000 மீட்டர் வர 1996 ஆயிற்று. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் சென்னையின் பெசன்ட் நகரிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ நின்று பாருங்கள், பெண்கள் குழுகுழுவாகப் போகிறார்கள். ஆனால் மாதவிலக்கு நாட்களையும், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களையும், காலையில் சமைத்துவிட்டு ஓட வருகிற நேரத்தையும் கணக்கில் எடுக்கும் திட்டம் இன்றும் அரிது.

எழுபதுகளில் கண்ணின் இடத்துக்கு எண் வந்தது. ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்க உடலியங்கியலாளர், ஜிம்மி கில்பர்ட் என்பவரோடு சேர்ந்து, 1979இல் ஓர் அட்டவணை நூலை வெளியிட்டார். உங்கள் சமீபத்திய போட்டி நேரத்தை அதில் தேடினால், ஈசி ரன் எந்த வேகத்தில், டெம்போ எந்த வேகத்தில், இன்டர்வெல் எந்த வேகத்தில் என்று வந்துவிடும். கோச் இல்லாத ஓட்டக்காரனுக்கு அது பெரிய கொடை; நான் அதை இன்றும் மதிக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் இதயத்துடிப்பைக் கம்பியில்லாமல் மணிக்கட்டில் காட்டும் கருவியைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் கொண்டுவந்தது. 2003இல் கார்மின் நிறுவனத்தின் முதல் ஜி.பி.எஸ். ஓட்டக் கடிகாரங்கள் வந்தன. பிறகு நாம் ஓடுவதை எல்லாரும் பார்க்கிற செயலிகள் வந்தன.

எண் வந்ததும் எண்ணின் மேல் பக்தியும் வந்துவிட்டது. 220லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு என்கிற சூத்திரத்தைப் பலருடைய கடிகாரமும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. 1971இல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இருவர், கையில் கிடைத்த பழைய ஆய்வுத் தரவுகளின் மேல் தோராயமாக இழுத்த கோடு அது. அதற்கென்று தனிச் சோதனை நடக்கவில்லை. ஒரே வயதுடைய இருவருக்கிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருப்பது சாதாரணம். ஆனாலும், "வாட்ச்சில் நான்காவது ஜோனுக்குப் போய்விட்டது" என்று நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர் நின்றுவிடுகிறார். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிறதென்றால் அது ஈசி ரன்தான். அதற்குக் கடிகாரம் தேவையில்லை.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற விதியும் அப்படிப்பட்டதுதான். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை அந்த விதிப்படி மெல்லவும் இன்னொன்றை வழக்கமான திட்டப்படி விரைவாகவும் பழக்கினார்கள். 2008இல் வெளியான முடிவு: இரண்டு குழுவிலுமே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம். இதனால் இஷ்டத்துக்குக் கூட்டலாம் என்று ஆகாது. பத்து என்ற எண்ணுக்கு மந்திர சக்தி இல்லை, அவ்வளவுதான்.

இந்த எண்களின் காலத்தில் உலகின் மிகப் பெரிய மாரத்தான் ஓட்டக்காரர் தன் திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்? எலியுட் கிப்சோகே பையனாக இருந்தபோது, 1992 ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் வெள்ளி வென்ற பேட்ரிக் சாங் அவருடைய ஊர்ப்பக்கத்துக்காரர். கிப்சோகே அவரிடம் போய்ப் பயிற்சி எழுதிக் கேட்டார். சாங் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டு வந்தார். அந்தக் கேட்பு இருபதாண்டுக்கும் மேல் நீண்டது. கென்யாவின் கப்டகட் முகாமில் செவ்வாய்க்கிழமை டிராக், வியாழக்கிழமை 30 அல்லது 40 கிலோமீட்டர், சனிக்கிழமை ஃபார்ட்லெக் (வேகத்தை மாற்றி மாற்றி ஓடுவது) என்ற வாரம் வருஷக்கணக்கில் மாறவில்லை. ஓடியதையெல்லாம் அவர் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிவைத்தார். 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் உலக சாதனை. காலணியும் சத்துப்பானமும் நவீனம்தான். திட்டமும் குருவும் பழையவை. நம் ஆட்கள் அந்த நோட்டின் ஒரு வாரத்தைப் பிரதியெடுத்துக்கொண்டு ஓடப் பார்ப்பது, பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மருந்துச்சீட்டை வாங்கி விழுங்குகிற காரியம்.

நம் நாட்டிலும் அன்றைய ஓட்டத்துக்கு ஒரு முகம் உண்டு. ராணுவத்தில் இருந்த ஷிவ்நாத் சிங் பெரும்பாலும் வெறுங்காலோடு ஓடியவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவது இடம். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் என்ற தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. கருவிகள் வந்துவிட்டால் நேரம் தானாகக் குறைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு விவரம் போதும். தமிழ்நாட்டில் நெடுந்தூர ஓட்டத்தின் பெயர் சொல்ல வைத்தது புதுக்கோட்டை. பயிற்சியாளர் லோகநாதனிடம் வளர்ந்த எல்.சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதே பயிற்சியாளரிடம் வளர்ந்த ஜி.லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகள சாம்பியன்ஷிப்பில் அதே இரண்டு தங்கத்தையும் எடுத்தார். ஒரு பயிற்சியாளர், ஒரு ஊர், பல வருஷம். ஆக்லாந்தில் நடந்ததும் கப்டகட்டில் நடந்ததும் இதுதான்.

சென்னையில் பெருவாரியான ஆட்கள் பொழுதுபோக்காக ஓடத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான். 2006இல் சிறிய அளவில் ஆரம்பித்த சென்னை ரன்னர்ஸ் இன்று பேட்டைக்கொரு கிளை வைத்திருக்கிறது. சென்னை மாரத்தானை நடத்துவது அவர்கள்தான். 2021இல் சுகாதார அமைச்சரான மா.சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர். ஓட்டம் இங்கே ஒரு நடுத்தர வர்க்க ஒழுக்கமாகிவிட்டது என்று சொல்லலாம். சனிக்கிழமை இரவு கல்யாண ரிசப்ஷனில் எட்டரைக்கே எழுந்து போகிறவர் யார் என்று பார்த்தால் மறுநாள் லாங் ரன் உள்ளவராக இருப்பார்.

ஆனால் அவர் பின்பற்றுகிற திட்டம் குளிர்நாட்டில் எழுதப்பட்டது. மாரத்தானுக்குத் தோதான தட்பவெப்பம் என்பது பத்து டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பது. சென்னையின் ஜனவரி விடியலே இருபது டிகிரியைச் சுற்றித்தான். ஜனவரிப் போட்டிக்குப் பதினாறு வாரம் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பரில் தொடங்க வேண்டும். அப்போது காலை நாலரை மணிக்கே சட்டை நனைந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடம்பு குளிர்வதில்லை, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. அட்டவணை சொன்ன வேகம் வரவில்லை என்று மனம் உடைகிறவர்கள் அந்த மாதத்தில்தான் அதிகம். நவம்பரில், லாங் ரன்கள் மிக நீளமாகும் வாரங்களில், வடகிழக்குப் பருவமழை கொட்டும். சாலையில் முழங்கால் தண்ணீர். ஆக ஒன்றிரண்டு லாங் ரன் மழையில் போகும் என்று முன்கூட்டியே வைத்து, பதினெட்டு இருபது வாரமாக நீட்டிக்கொள்வதுதான் இந்த ஊருக்கு உகந்த திட்டம். செப்டம்பரில் வேகத்தைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் பாருங்கள்: "ஒரு மணி நேரம், பேசிக்கொண்டே."

சரி, எந்தத் திட்டம்? ஸ்பெயினில் முப்பது பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஒரு சோதனை 2014இல் வெளியானது. பாதிப் பேர் பெரும்பங்கு மிக மெதுவாகவும் சிறுபங்கு மிக வேகமாகவும் ஓடினார்கள். மீதிப் பேர் நடுத்தர வேகத்தில் அதிகம் ஓடினார்கள். பத்து வாரத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் குழு சராசரியாக இரண்டு நிமிடம் குறைத்தது, இரண்டாவது குழு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக. உறுதியாக ஒன்றை உசத்தி என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: பத்து வாரம் விடாமல் செய்தால் நியாயமான எந்தத் திட்டமும் வேலை செய்யும். ஆகவே திட்டத்தைத் தரம் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வாரத்தைப் பாருங்கள். நான்கு நாள்தான் ஓட முடியும் என்றால் ஆறு நாள் திட்டத்தை வாங்கி இரண்டு நாளை வெட்டாதீர்கள். நான்கு நாள் திட்டத்தையே தேடுங்கள். அதன் முதல் வாரம் நீங்கள் போன மாதம் ஓடியதைவிடப் பெரிதாக இருந்தால் அது உங்களுக்கு எழுதப்பட்டதல்ல. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாரம் குறைகிற வாரம் இல்லையென்றாலும் தள்ளிவைத்துவிடுங்கள். அதற்கப்புறம் செயலியா, புத்தகமா, கோச்சா என்பது காசைப் பொறுத்தது. கோச்சுக்குக் கொடுக்கிற காசு அட்டவணைக்கல்ல, நீங்கள் நொண்டுவதை உங்களுக்கு முன்னால் பார்க்கிற கண்ணுக்கு. அட்டவணையை மட்டும் அனுப்பிவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, அது இலவசமாகவே கிடைக்கிறது.

அன்றும் இன்றும் என்று பேசிக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரத்து மைதானத்துக்கும் அதிகாலை ஐந்து மணிக்குப் போனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கடிகாரமும் கார்பன் தகடு வைத்த காலணியும் அணிந்தவர் தன் ஈசி ரன்னை ஓடிக்கொண்டிருப்பார். அவரைத் தாண்டிக்கொண்டு, கேன்வாஸ் ஷூவிலோ வெறுங்காலிலோ நாலைந்து பையன்கள் தலைதெறிக்கப் போவார்கள். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிறவர்கள். போலீசுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். இந்தத் தேர்வு அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, வீட்டின் வருமானம். அவர்களுடைய பயிற்சியோ பெரும்பாலும் "பத்து ரவுண்டு ஓடு" என்பதன் வாரிசுதான்: தினமும் அதே 1,500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடுவது, முன்னெலும்பு வலி வந்ததும் எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாளும் ஓடுவது.

ஸ்னெல்லின் 35 கிலோமீட்டர் இவர்களுக்குத்தான் சேதி. ஐந்தில் நான்கு பங்கு ஆக்சிஜன் என்றேனே, அந்தக் கணக்கு ஏழு நிமிட ஓட்டத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வாரத்தில் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் அரை மணியிலிருந்து முக்கால் மணி. ஒருநாள் அதே வேகத்தில் ஒரு மணி நேரம். ஒருநாள் மட்டும் 400 மீட்டர் ஐந்தாறு தடவை, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் நடை. போலீஸ் தேர்வுக்கு ஒவ்வொன்றும் 112 வினாடி, அக்னிவீருக்கு 82 வினாடி. முழு ஓட்டத்தை நேரம் பார்த்து ஓடுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மிச்ச இரண்டு நாள் ஓய்வு. ஒரு துண்டுச்சீட்டில் எழுதக்கூடியது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்களே, செயலிக்கும் கோச்சுக்கும் காசு கொடுத்து நீங்கள் கற்றதில் முக்கியமானது அந்தச் சீட்டில் அடங்கிவிடுகிறது. உங்கள் மைதானத்தில் ஓடுகிற பையன்களிடமும் பெண்பிள்ளைகளிடமும் நின்று பேசுங்கள், எழுதிக் கொடுங்கள், வாரம் ஒருநாள் அவர்களுக்கு ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். தேர்வுக்குப் பத்து வாரம் இருக்கும்போதே கொடுங்கள். கடைசி வாரத்தில் கொடுத்தால் அதனால் பயனில்லை.